நெஞ்சில் அடைத்தது வாய்வுதானா?

இருபது வயதுப் பையன். கமுகு மாதிரி உயரம், உடம்பில் சதையே இல்லை. சும்மா கதிரையில் இருந்தவனுக்கு வலப்பக்க நெஞ்சில் திடீரென்று ஒரு குத்து. மூச்சை இழுத்தால் இன்னும் குத்துகிறது. "வாய்வாக்கும் மகன்" என்று உம்மா இஞ்சித் தேத்தண்ணி வைப்பா. அதற்கும் அடங்காவிட்டால் முனைக் கடையில் ஒரு சோடா. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் நெஞ்சில் வரும் எந்த வலிக்கும் முதற்பெயர் வாய்வுதான்.

இந்த வலிக்கு அந்தப் பெயர் பாதி சரி. அடைத்திருப்பது காற்றேதான். சுவாசப்பையின் உச்சியில் இருந்த ஒரு கொப்புளம் உடைந்து, நெஞ்சுச் சுவருக்கும் சுவாசப்பைக்கும் இடையில் கசிந்த காற்று. அது வெளியேற வழியில்லாமல் தேங்க, சுவாசப்பை சுருங்கிப்போகிறது.

சுவாசப்பைகள் இரண்டிலும் சேர்த்துச் சராசரியாக 480 மில்லியன் சிற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்கள் சிதைந்தால் பக்கத்து அறைகள் ஒன்றாகி, வெறும் காற்றுப் பையாக ஊதிக்கொள்ளும். ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்டதை 'பிளெப்' என்றும் அதற்கு மேற்பட்டதை 'புல்லா' என்றும் வைத்தியர்கள் சொல்வார்கள். உடையும்வரை பலருக்கு ஒரு தொந்தரவும் இராது. மத்திய கிழக்குப் பயணத்துக்கு 'மெடிக்கல்' செய்யப்போன இடத்தில், நெஞ்சு எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவரலாம். சின்னக் கொப்புளங்களோ சி.டி. ஸ்கேனில்தான் பிடிபடும்.

ஏன் மெலிந்து உயர்ந்தவர்களுக்கு? மருதமுனைச் சாரன் ஒன்றை நனைத்துக் கொடியில் போட்டுப் பாருங்கள். கீழே தொங்கும் பாரமெல்லாம் கொடியை ஒட்டிய இழைகளைத்தான் இழுக்கும். சுவாசப்பையும் அப்படித்தான், அதன் உச்சியிலுள்ள அறைகளே அதிகம் விரிந்து இழுபடுகின்றன. ஆள் உயர உயர இழுவையும் கூடும்.

அதன்மேல் சிகரெட் சேர்ந்தால் கணக்கே மாறிவிடுகிறது. புகைக்காத ஆணுக்கு வாழ்நாளில் இப்படி நேர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. புகைப்பவருக்கு நூற்றில் பன்னிரண்டு வரை போகலாம். புகை பட்டதும் திரளும் வெண்குழியங்கள் விடும் நொதியம், சிற்றறைச் சுவரின் மீள்சக்தி நாரைத் தின்கிறது. சிகரெட் பெட்டியில் 80 வீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். தனிச் சிகரெட்டாக வாங்கும் நம் பையன்களின் கண்ணில் அது படுவதில்லை.

குசினிப் புகையும் சுவாசப்பையைக் கெடுக்கும். 2022இல் காஸ் வரிசையில் நின்று களைத்துப் பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. காலமெல்லாம் அந்தப் புகையைக் குடித்த பெண்கள், ஒரு பீடியும் தொடாமலே, முட்டு வருத்தத்தோடு வாழ்கிறார்கள். பழைய கசநோய்த் தழும்பும் கொப்புளமாகலாம். அரிதாகப் பரம்பரைக் குறைபாடும் உண்டு: சுவாசப்பையைக் காக்கும் அல்பா-1 அன்டிட்ரிப்சின் என்ற புரதம் சிலருக்குக் குறைவாக இருப்பதை 1963இல் சுவீடனில் கண்டறிந்தார்கள்.

வைத்தியம் கசிவின் அளவைப் பொறுத்தது. கொஞ்சமென்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், கசிவு சற்றுப் பெரிதாக இருந்தும் குழாய் போடாமல் அவதானிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 85 வீதமானோருக்குக் கடைசிவரை அது தேவைப்படவில்லை. மூச்சுத் திணறினால் ஊசியால் காற்றை இழுப்பார்கள், அல்லது விலா இடுக்கில் குழாய் போடுவார்கள். குழாயின் மறுமுனை போத்தல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். காற்று குமிழியாக வெளியேறும், திரும்பி உள்ளே போகாது. வார்டில் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் போத்தலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது, தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிவிடும். ஓட்டை மூடினால் குமிழி நிற்கும்.

பெரிய புல்லா ஒன்று எக்ஸ்ரேயில் கசிந்த காற்றைப்போலவே தெரிந்து ஏமாற்றும். அதற்குள் குழாயைச் செருகினால் ஆபத்து. ஸ்கேன் எடுத்துவரச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள்.

ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வரும். அப்போது சிறு துளைகள் வழியே கமராவைச் செலுத்திக் கொப்புளங்களை வெட்டித் தைத்து, சுவாசப்பையை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைக்கும் சத்திரசிகிச்சை செய்வார்கள். வெலிசறை சுவாசநோய் வைத்தியசாலையில் நெஞ்சுச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்ப அவசரப்படும் தம்பிமாருக்கு ஒன்று. விமானத்தில் காற்றழுத்தம் குறைய, நெஞ்சில் தங்கிய காற்று விரியும். சுவாசப்பை முழுதாக விரிந்துவிட்டதென்று எக்ஸ்ரே காட்டி ஒரு கிழமையாவது போகட்டும். சிலிண்டர் கட்டிச் சுழியோடுவதை, சத்திரசிகிச்சை செய்யாதவர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும்.

வலி ஒரு பக்கமாகத் திடீரென்று வந்து, மூச்சும் இளைத்தால் சோடாவோடு மினக்கெடாதீர்கள். கல்முனையிலேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. உதடு நீலம் பாரித்தால், வியர்த்து மயக்கம் வந்தால் 1990க்கு அழையுங்கள். அம்பியுலன்ஸ் இலவசம்.