தோழி பறித்த கிரீடம்! வாத்து மேய்த்த இளவரசியின் கதை

இளவரசிக்கு என்ன குறை? மாளிகை உண்டு. பட்டாடை உண்டு. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரப் பணிப்பெண்கள் உண்டு.

ஆனால், மனம் விட்டுப் பேச ஒரு சிநேகிதி உண்டா?

இந்தக் கேள்வியை வைத்து ஒரு நாவலே எழுதிவிட்டார், அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஷானன் ஹேல். நாவலின் பெயர், "வாத்துக்காரப் பெண்". வெளிவந்த ஆண்டு 2003.

கதையின் கரு பழையது. ஜெர்மனியில் வாய்மொழியாக வழங்கி வந்தது. கிரிம் சகோதரர்கள் அதை 1815-ம் ஆண்டில் அச்சிட்டார்கள்.

பேசும் குதிரை

ஓர் அரசி தன் மகளைத் தூர தேசத்து இளவரசனுக்கு மணம் பேசினாள். துணைக்கு ஒரு வேலைக்காரியை அனுப்பினாள். பேசும் குதிரை ஒன்றையும் கொடுத்தாள். அதன் பெயர் பலாடா.

நடுவழியில் வேலைக்காரி மிரட்டினாள். இளவரசியின் உடையைப் பறித்து அணிந்து கொண்டாள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் வாங்கினாள்.

வேலைக்காரி மணப்பெண் ஆனாள். இளவரசி வாத்து மேய்த்தாள்!

குதிரை உண்மையைச் சொல்லிவிடுமோ என்று அதன் தலையையும் வெட்டச் செய்தாள் அந்தக் கொடியவள்.

சத்தியத்தை மீறக் கூடாதே! இளவரசி என்ன செய்தாள் தெரியுமா? இரும்பு அடுப்புக்குள் புகுந்து, அதனிடம் தன் துயரத்தைச் சொல்லி அழுதாள். கிழ ராஜா புகைக்குழாய் அருகே நின்று அதைக் கேட்டுவிட்டார். உண்மை வெளிவந்தது.

பாவம், அடுப்பைத் தவிர அவளுக்கு வேறு துணை இல்லை!

புதிய கதை

நாவலில் இளவரசியின் பெயர் அனி. கூச்சம் மிகுந்தவள். பறவைகளோடு பேசத் தெரிந்தவள். மனிதரோடு பேசத் திணறுகிறவள்.

அவளுடைய தோழி செலியா. பேச்சாலேயே யாரையும் மயக்கிவிடுவாள். பேயர்ன் நாட்டு இளவரசனை மணக்க அனி காட்டு வழியே புறப்படுகிறாள். செலியாவும் கூட வருகிறாள். பாதிக் காவலர்களைத் தன் பக்கம் இழுத்து, மற்றவர்களைக் கொல்லச் செய்கிறாள். தானே இளவரசி என்கிறாள்.

அனி தப்பி ஓடுகிறாள். காட்டுக் குடிசையில் ஒரு தாய் அவளுக்கு அடைக்கலம் தருகிறாள். பிறகு தன் பொன்னிறக் கூந்தலை மறைத்துக் கொண்டு, இஸி என்ற பெயரில் அரசரின் வாத்துகளை மேய்க்கிறாள்.

கோழி வளர்த்த எனா

அங்கேதான் எனா வருகிறாள். கோழிகளைக் கவனிக்கும் ஏழைப் பெண். இளவரசி தன் ரகசியத்தை அவளிடம் சொல்கிறாள். எனா சிரிக்கவில்லை. பரிசு கேட்கவில்லை. நம்பினாள்!

பழைய கதையில் இரும்பு அடுப்பு இருந்த இடத்தில், புதிய கதையில் ஒரு தோழியின் நெஞ்சு இருக்கிறது.

இதற்குள் செலியா இன்னொரு சதி செய்கிறாள். தன் பொய் வெளிப்படாமலிருக்க, இரு நாடுகளுக்கும் போர் மூட்டப் பார்க்கிறாள். ஆயிரக்கணக்கான உயிர்கள் ஊசலாடுகின்றன. அதைத் தடுக்க இளவரசி புறப்பட்டபோது, உடன் சென்றது படை அல்ல. ஆடு, கோழி, வாத்து மேய்த்த ஏழை இளைஞர்கள்!

என்ன நடந்தது? படித்துப் பாருங்கள்.

காற்றும் நெருப்பும்

இந்தச் சிநேகம் அதோடு முடியவில்லை. 2004-ல் வந்த அடுத்த நாவலில் எனாவே கதாநாயகி.

இளவரசிக்குக் காற்றின் மொழி தெரியும். எனா நெருப்பின் மொழியைக் கற்கிறாள். காற்று ஒருத்தியை ஓயாமல் அலைக்கழிக்கிறது. நெருப்பு மற்றவளை எரிக்கிறது. மருந்து எங்கே?

ஒருத்தி அறிந்ததை மற்றவளுக்குக் கற்றுத் தருகிறாள். இருவரும் பிழைக்கிறார்கள்.

செலியா தோழியிடமிருந்து பறித்தாள். எனா தோழியோடு பகிர்ந்து கொண்டாள். சிநேகிதி யார், எதிரி யார் என்று குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட எளிய கணக்கு வேண்டுமா?