கடவுச்சொல் சரி, முகவரிதான் கிடைக்கவில்லை

எட்டாம் வகுப்பு மாணவர்களின் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு விண்ணப்பங்களைப் பதிவேற்ற அன்றுதான் கடைசி நாள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். படப்பையிலிருந்து ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது சிறிய தொகை அல்ல.

காலையில் தளத்தைத் திறந்து வைத்திருந்தோம். இடையில் பள்ளியின் இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் எத்தனை முறை தட்டினாலும் "உள்நுழைய இயலவில்லை" என்றே வந்தது. "பாஸ்வேர்டை யாராவது மாத்திட்டாங்களா சார்?" என்றார் தலைமையாசிரியை. நானும் அப்படித்தான் நினைத்தேன். (தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சில தளங்கள் கணக்கையே பூட்டிவிடும். அது இன்னொரு தலைவலி.) கடைசியில் என் கைபேசியில், மொபைல் டேட்டாவில், அதே கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். திறந்தது. அப்படியானால் கடவுச்சொல்லும் சரி, தளமும் சரி. கோளாறு நம் கணினியில்தான்.

கணினிக்குத் தளத்தின் பெயர் புரியாது, எண் முகவரிதான் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் சர்வர். வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்து வரிசை எண்ணைச் சொல்வது போல என்று வகுப்பில் சொல்லலாம். ஒரு காலத்தில் இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. பட்டியல் கட்டுக்கடங்காமல் போகவே, 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் இந்த முறையை வடிவமைத்தார். இன்று .இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரிகள்கூட இதில் அடக்கம்.

சோதிப்பது எளிது. கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் கட்டளையோடு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வந்தால் இணையம் இருக்கிறது. அடுத்து எண்ணுக்குப் பதிலாகத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தால் பெயர்த் தேடலில்தான் கோளாறு. எங்களுக்கு முதலாவது வந்தது, இரண்டாவது வரவில்லை.

காரணம் நான்தான். சில ஆண்டுகளுக்கு முன் பழைய நிறுவனத்தின் டிஎன்எஸ் எண்ணை அந்தக் கணினியில் கையால் பதித்திருந்தேன். இத்தகைய சர்வர்கள் பெரும்பாலும் தம் வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் சொல்லும். நாங்கள் அன்று காலையோடு வாடிக்கையாளர் இல்லை! நெட்வொர்க் அமைப்பில் ஐபிவி4 பகுதிக்குப் போய், டிஎன்எஸ் முகவரியைத் "தானாகப் பெறு" என்று மாற்றினேன். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் பழைய நினைவும் அழிந்தது.

பெயர்த் தேடல் சரியாக இருந்தும் தளம் திறக்காவிட்டால், கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும்.

மாலை நாலேகாலுக்குக் கடைசி விண்ணப்பம் ஏறியது. மறுநாள் ஆய்வகத்தின் மற்றக் கணினிகளையும் பார்த்தேன். இன்னும் மூன்றில் அதே பழைய எண், என் கையால் பதித்ததுதான்.