விழப்போகும் பல்லுக்கு வைத்தியம்

"எப்படியும் விழப்போகிற பல்தானே? அதற்குப் போய் வைத்தியம் எதற்கு?" என்னும் கேள்வி நம்மவர் இல்லங்களில் பாட்டிமார் வாயிலிருந்து மட்டுமன்றிப் படித்த தந்தையர் வாயிலிருந்தும் எழக் கேட்டிருக்கிறோம். குழந்தை இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதால், கிராம்புத் தைலம் தொட்டு வைப்பது. அதற்கும் கேட்காவிடில் பிடுங்கி எறிவது. இவ்விரண்டுக்கும் இடையில் வேறு வழி உண்டென்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

குழந்தைக்குப் பாற்பற்கள் இருபது. இவற்றுள் முன்பற்கள் ஆறேழு வயதில் ஆடத் தொடங்குகின்றன. அதைக் கண்டே எல்லாப் பற்களும் அப்போது போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மெல்லுவதற்கு உதவும் பின்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரையில் வாயில் இருந்தாக வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையான பல்லை "விழப்போகும் பல்" என்று சொல்வது, இன்னும் ஆறேழு ஆண்டுகள் சேவை பாக்கியுள்ள ஊழியரை ஓய்வுபெற்றவராகக் கருதுவது போன்றதே.

மற்றொன்றும் உண்டு. ஆறாம் வயதில், பாற்பல் வரிசையின் கோடியில், எந்தப் பல்லும் விழாமலே நிலையான கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கிறது. பழைய பல் எதுவும் விழாத காரணத்தால் பெற்றோர் இதனையும் பாற்பல் என்றே எண்ணி அசட்டையாக இருந்துவிடுகின்றனர். இதற்கு முன்னால் நிற்கும் பாற்பல்லை அகாலத்தில் பிடுங்கிவிட்டால், இப்பல் மெல்ல முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தை ஆக்கிரமித்துக்கொள்ளும். பிற்பாடு முளைக்க வேண்டிய பல், முன்பதிவுச் சீட்டுடன் வந்தும் தன் இருக்கையில் வேறொருவர் படுத்திருக்கக் காணும் பிரயாணியைப் போலத் திகைத்து, உட்புறமோ வெளிப்புறமோ கோணி வரும். எங்கள் ரயில்வே குடியிருப்பில் ஒரு நண்பரின் மகனுக்கு ஐந்து வயதில் கீழ்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அப்போது எல்லோரும் நிம்மதியடைந்தோம். பதினோரு வயதில் அவனுக்குப் புதுப்பல் நாக்கின் பக்கமாக எட்டிப் பார்த்தது.

பல்லைத் தின்பது பூச்சியென்று நாம் சொல்லி வந்தாலும், அங்கே பூச்சி எதுவும் இல்லை. வாயில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் கடினமான மேற்பூச்சைக் கரைக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை என்பதே இதில் முக்கியம். ஒவ்வொரு முறை தின்ற பின்னும் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் தின்றுகொண்டே இருந்தால் பல் தோற்றுப்போகிறது. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நம் நெடுந்தூர ரயில் பிரயாணங்களை நினைத்துப் பாருங்கள்! ஏறியது முதல் இறங்கும் வரை பிஸ்கோத்து, மிட்டாய், தேநீர் என்று ஓயாது கொடுத்தே குழந்தைகளைச் சமாளிக்கிறோம். இரவில் சர்க்கரைப் பால் புட்டியுடன் தூங்க வைக்கும் வழக்கமோ இதனினும் கொடிது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் பால் பல்லிலேயே தங்கிவிடுகிறது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். சொத்தையான பகுதி முழுவதையும் குடைந்து அகற்றிய பிறகே அடைக்க வேண்டும் என்பது வெகுகாலமாகப் பல் வைத்தியத்தின் விதியாக இருந்தது. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கோ, ஈற்றில் ஊசி, காதைத் துளைக்கும் யந்திரச் சத்தம், நான்கு கைகள் பிடித்து அமுக்குதல் ஆகியவை பல் வைத்தியர் என்றாலே வாழ்நாளெல்லாம் அஞ்சும்படியான அனுபவமாகி விடக்கூடும்.

இவ்விதியை மீறிப் பார்த்தவர் ஸ்காட்லாந்து நாட்டின் பல் வைத்தியரான டாக்டர் நார்னா ஹால் என்னும் அம்மையார். பாற்பல்லுக்கு எஃகுத் தொப்பி அணிவிக்கும் முறையைப் புகுத்தியவர் அமெரிக்கரான ஹம்ஃப்ரி; அது 1950-ஆம் ஆண்டு. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தைப் போன்ற துருப்பிடிக்காத உலோகத்தால், பல்லின் வடிவிலேயே முன்கூட்டித் தயாரித்த தொப்பி அது. அதைப் பொருத்துவதற்கு முன் பல்லை மரக்கவைத்து, சொத்தையை நீக்கி, பல்லையும் சுற்றிலும் தேய்க்க வேண்டும் என்பது மரபு. ஹால் அம்மையார் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இவை மூன்றையும் விட்டுவிட்டார். ஊசி இல்லை, குடைதல் இல்லை, தேய்த்தலும் இல்லை. பற்கள் நெருக்கமாக இருந்தால் சில நாட்களுக்கு முன் இடையில் சிறு ரப்பர் வளையத்தைச் செருகி இடம் உண்டாக்குவார்கள். பிறகு அளவுக்கேற்ற தொப்பியில் பல்லுக்கான சிமெண்டை நிரப்பி, சொத்தைப் பல்லின்மேல் வைத்து, "கடி பார்க்கலாம்" என்றால், குழந்தையே கடித்துப் பொருத்திக்கொள்கிறது! முதலில் கடிவாய் சற்று உயர்ந்தாற்போல் இருக்கும். சில வாரங்களில் தானே சரியாகிவிடும். உரிய காலத்தில் பல் தொப்பியுடனேயே விழுகிறது.

சொத்தையை உள்ளே வைத்து மூடுவதா என்று பல் வைத்தியர் பலர் அதிர்ந்தனர். ஆயினும் காரணம் எளிது. நுண்ணுயிருக்கு வெளியிலிருந்து உணவு செல்லும் வழி அடைபட்டால் அது அமிலம் செய்ய முடிவதில்லை. அழிவு அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. ஹால் அம்மையார் 259 குழந்தைகளுக்கு அணிவித்த 978 தொப்பிகளின் குறிப்பேடுகளை டண்டீ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் பரிசீலித்து 2006-இல் வெளியிட்டனர். அடுத்து நிக்கோலா இன்னெஸ், டாவித் எவன்ஸ் முதலியோர் 132 குழந்தைகளைக் கொண்டு முறையான சோதனை நடத்தினர். ஒரே குழந்தையின் வாயில் ஒரு பல்லுக்குத் தொப்பி. அதற்கு இணையான மறு பல்லுக்கு அந்த வைத்தியரின் வழக்கமான சிகிச்சை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலி, சீழ் போன்ற பெருந்தோல்விகள் வழக்கமான முறையில் நூற்றுக்குப் பதினைந்து. தொப்பி முறையில் இரண்டே. ஐந்தாண்டு முடிவும் 2011-இல் வெளிவந்து இதனையே உறுதிசெய்தது. எண்களைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்த செய்தி, அபிப்பிராயம் சொன்ன குழந்தைகளில் முக்காற்பங்கினர் தொப்பியையே விரும்பினர் என்பதாகும். நோயாளியின் விருப்பத்தை, அதிலும் சிறு குழந்தையின் விருப்பத்தை, வைத்திய சாஸ்திரம் கேட்டு எழுதிக்கொண்டதே பெரிய மாறுதல் அல்லவா?

ஆனால் எல்லாப் பல்லுக்கும் தொப்பி பொருந்தாது. முன்பற்களுக்கு இம்முறை இல்லை. இரவில் எழுப்பும் வலி, ஈற்றில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம் ஆகியவை கண்டுவிட்டால் நுண்ணுயிர் பல்லின் உயிர்நிலையை எட்டிவிட்டது என்று பொருள். அதற்கு வேறு வைத்தியம். ஆகவேதான் வலிக்கும் வரை காத்திராமல், பல்லில் கறுப்போ குழியோ கண்டவுடன் காட்டிவிட வேண்டும்.

சிகிச்சை மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. பிரிட்டனில் மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 1,144 குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்து, குடைந்து அடைத்தல், மூடி அடைத்தல், தடுப்பு முறைகள் மாத்திரம் என்று ஒப்பிட்டு 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று பிரிவிலும் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறகும் வலியோ சீழோ கண்டனர். பிரிவுகளுக்குள் பெரிய வேற்றுமை இல்லை. ஒரு முறை சொத்தை விழுந்த வாய் மீண்டும் சொத்தை காண்பதற்கே அதிகம் இடமுண்டு என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். காலையிலும் படுக்கும் முன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் பெற்றோரே தேய்த்துவிட வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி அளவு. அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. மாற்றலாகிச் செல்பவர்கள் இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். ராஜஸ்தானத்தின் பல பகுதிகளிலும் தெலுங்கானாவின் நல்கொண்டாவிலும் நம் தருமபுரியிலும் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதி. அது லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பல்லில் திட்டும் காவியும் படியும். மிகுந்தால் எலும்பையும் பாதிக்கும்.

தொப்பியும் இயலாத சிறு குழந்தைகளுக்கு வெள்ளிச் சத்தும் ஃபுளோரைடும் சேர்ந்த ஒரு திரவத்தைச் சொத்தையின்மேல் தடவுகின்றனர். நிஷினோ, யமாகா முதலிய ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1969-இல் எழுதிய முறை இது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும்; முன்பல்லாயின் தாய்மார் முகம் சுளிப்பர். என்னைக் கேட்டால், கறுத்த பல்லோடு சிரிக்கும் குழந்தை, வெளுத்த பல்லோடு அழும் குழந்தையைவிட மேல்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த மூன்று வயதுப் பிள்ளையை நாற்காலியில் சாய்த்து, முகமூடி அணிந்த ஒருவர் இந்தியிலோ வங்காளியிலோ "வாயைத் திற" என்றால் அது என்ன செய்யும்? குழந்தைப் பல் வைத்தியத்தில் "சொல், காட்டு, செய்" என்றொரு முறை உண்டு. ஆடல்ஸ்டன் என்பவர் 1959-இல் வகுத்தது. செய்யப்போவதைக் குழந்தைக்குப் புரியும் சொல்லில் முதலில் சொல்லி, கருவியை அதன் விரல் நகத்தில் வைத்துக் காட்டி, பிறகே வாயில் செய்வது. இதில் "சொல்" என்னும் பகுதி அந்நிய மொழியில் நடந்தால் முறையே பாழ். ஆகையால் தாயோ தந்தையோ உள்ளே உடனிருக்க அனுமதி கேட்டு, வைத்தியர் சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "வலிக்காது" என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குழந்தையின் காதில் அதில் "வலி" ஒன்றே விழுகிறது. "உன் பல்லுக்கு எவர்சில்வர் தொப்பி போடப் போகிறார்கள், நீயே கடித்து மாட்டிக்கொள்ளலாம்" என்று முதல் நாள் இரவே சொல்லி வைத்தால், மறுநாள் காலையில் குழந்தை தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கவும் கூடும்.