உங்களுக்குத் தெரியுமா? – பெயர் தந்த செரோக்கி மூதாட்டி

● 1890-ல் தொடங்கிய 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கத்தில் ஒரு பெண் உறுப்பினராக வேண்டுமானால், தன் முன்னோர் ஒருவர் அமெரிக்க விடுதலைக்குத் துணைநின்றார் என்று ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும். ஊருக்கு ஊர் கிளை உண்டு. கிளைக்கு ஒரு பெயர். டென்னஸி மாநிலத்தின் சாட்டனூகா நகரக் கிளை சூட்டிக்கொண்ட பெயர் நான்ஸி வார்டு. அவர் வெள்ளைக்காரப் பெண் அல்லர். செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர்!

● இயற்பெயர் நானியேஹி. 1738 வாக்கில் சோட்டா என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊரைத் தேடிப் போனால் பெரும்பாலும் தண்ணீர்தான் தெரியும். 1979-ல் நிரம்பிய டெல்லிகோ நீர்த்தேக்கம் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

● 1755, டாலிவா போர்க்களம். எதிரிகள் க்ரீக் என்ற மற்றொரு பழங்குடியினர். கணவர் கிங்ஃபிஷர் கண்ணெதிரே மாண்டு விழ, அவருடைய துப்பாக்கியை எடுத்துப் போரிட்டார் நானியேஹி. வயது பதினேழு, பதினெட்டுதான் இருக்கும். வென்று திரும்பியவருக்குக் கிடைத்தது 'கிகாவ்' பட்டம். 'பேரன்புக்குரிய பெண்' என்று பொருள். வெறும் மரியாதைப் பட்டம் அல்ல அது. ஆண்கள் கூடும் அவையில் பேசலாம். பிடிபட்ட கைதியைக் கொல்வதா விடுவதா என்று தீர்ப்பும் சொல்லலாம்.

● பின்னாளில் பிரையன்ட் வார்டு என்ற ஆங்கில வணிகரை மணந்தார். 'வார்டு' வந்த வழி அதுதான்.

● அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1776-ல் செரோக்கி வீரர்கள் வெள்ளையர் குடியிருப்புகளைத் தாக்கக் கிளம்பினார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் நான்ஸியின் உறவினரான டிராகிங் கனூ. நான்ஸியோ குடியேறிகளுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பிவிட்டார். அந்த வீரர்கள் உயிரோடு எரிக்கக் கட்டிவைத்திருந்த லிடியா பீன் என்ற பெண்ணைக் காப்பாற்றித் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தறியில் நெய்யவும் வெண்ணெய் எடுக்கவும் நான்ஸி லிடியாவிடமே கற்றுக்கொண்டார் என்பார்கள்.

● சாட்டனூகா கிளை 1923-ல் அவர் கல்லறைக்குக் கற்களால் பிரமிடு வடிவில் நினைவுச்சின்னம் எழுப்பி, இரும்பு வேலியும் அமைத்தது. நூறாண்டு கழிந்தும் அந்த இடம் காணாமல் போகாதது அவர்கள் செய்த நற்பணி. ஆனால் பலகையில் அவரை 'இளவரசி' என்றும், குடியேறிகளின் மாறாத நண்பர் என்றும் பொறித்தார்கள். செரோக்கியரிடம் அரச வம்சமே கிடையாது.

● நண்பர்தான், ஆனால் எதுவரை? 1817 மே மாதம், முதுமையில், தன் மக்களின் அவைக்கு மற்றப் பெண்களோடு சேர்ந்து அவர் அனுப்பிய செய்தியில் இருந்த முக்கிய வேண்டுகோள்: இனி ஒரு துண்டு நிலத்தையும் கைவிடாதீர்கள். இரண்டே ஆண்டுகளில், 1819 ஒப்பந்தத்தில், சோட்டாவும் பறிபோனது. ஒகோயி ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்து விடுதி நடத்திய நான்ஸி 1822 வாக்கில் காலமானார். 1838-ல் செரோக்கியர் பெரும்பாலோர் ராணுவக் காவலில் மேற்கே விரட்டப்பட்டார்கள்.

● டென்னஸி பக்கம் போகிறவர்கள் பென்டன் ஊருக்கு அருகே, 411-ம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய குன்றில் அந்தக் கல்லறையைப் பாருங்கள். பலகையைப் படிக்கும்போது 1817-ன் வேண்டுகோளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.