‘நான் யார்?’ என்ற கேள்வி பதின்பருவத்தில் ஏன் எழுகிறது?

எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் இடையிலுள்ள காட்டுப்பள்ளியில், மீனவக் குப்பங்களை ஒட்டி 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், பின்னர்க் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தமையால், அங்கு வளரும் இளையோருக்கு வலையா, கிரேனா என்பது பிழைப்பைப் பற்றிய கேள்வியாக மட்டுமன்றித் தாம் யார் என்ற கேள்வியாகவும் அமைகிறது.

இக்கேள்வி அவ்வயதில் கூர்மையடைவதில் மூளைக்கும் பங்குண்டு. பருவமடையும்போது உணர்ச்சியையும் பாராட்டின் இன்பத்தையும் உணரும் உட்பகுதிகள் எளிதில் தூண்டப்பட, திட்டமிடலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்நெற்றிப் புறணி, அதாவது நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் மேலடுக்கு, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே நரம்பணுக்கள் செய்தி கடத்தும் இணைப்புகளில் பயன்படாதவை பல கழிய, செய்தி செல்லும் நரம்பிழைகள் மயலின் என்னும் கொழுப்புறை தடித்து விரைவு பெறுகின்றன. தன்னைப் பற்றியும், பிறர் தன்னை எவ்வாறு காண்கின்றனர் என்பதைப் பற்றியும் எண்ணும்போது இயங்கும் அப்புறணியின் நடுப்பகுதியும் இக்காலத்தில் மாறிவருவதால், நண்பரின் ஒரு சொல்கூட ஆழமாகத் தைக்கிறது.

ஆயினும் மூளை தருவது தேடும் திறனே. தேடலின் பொருளை ஊரும் குடும்பமும் தருகின்றன. உளவியலாளர் எரிக் எரிக்சன் வளரிளம் பருவத்தின் மையச் சிக்கலாகத் தன்னடையாளத்தைக் கண்டார். 1966இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா, ஆராயாமலே பெற்றோர் வழியை ஏற்பதை ‘முன்கூட்டியே மூடப்பட்ட அடையாளம்’ என வகைப்படுத்தினார். தந்தையின் படகை ஏற்கும் மகனுக்கு இப்பெயரைச் சூட்டத் தயங்கவே வேண்டும். ஏனெனில் மார்சியா ஆராய்ந்தது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களையே.