கத்தி பிடிக்கும் கைக்கும் கணக்கு வேண்டும்

மதுரைப் பெரியாஸ்பத்திரியை அறியாத தொழிலாளி இந்த வட்டாரத்தில் உண்டா? மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் ஏழைக்கு அதுவே புகலிடம். அங்கே அறுவை செய்யும் டாக்டரைப் பற்றி நம்மில் பலர் என்ன சொல்கிறோம்? "அவருக்கு என்ன குறை? அவருக்கெதற்குச் சங்கம்?" என்கிறோம். இந்த எண்ணம் தவறு, தோழர்களே!

2009-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்ன அறுவைக்கு இன்ன தொகை என்று விலை குறிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அரசு டாக்டர்களின் ஊதியம் பற்றிய அரசாணை 354 வந்தது. அறுவைக்குக் குறித்த விலை உடனே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த அரசாணையின்படி ஊதிய உயர்வு கேட்டு, பத்தாண்டு கழித்து டாக்டர்கள் போராட வேண்டியதாயிற்று!

2019 அக்டோபர் 25 அன்று தமிழகமெங்கும் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவசர சிகிச்சையை நிறுத்தவில்லை. ஊதியம் மட்டுமா கேட்டார்கள்? நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணியிடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். அது யாருக்காக? வரிசையில் காத்துக் கிடக்கும் நமக்காகவும் அல்லவா? அன்றைய அரசு, பணி முறிவு என்று மிரட்டியது. நவம்பர் 1 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு இடமாற்ற உத்தரவுகள் பாய்ந்தன. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது.

இதில் கற்க வேண்டிய பாடம் என்ன? காப்பீட்டில் நடக்கும் ஒவ்வோர் அறுவைக்கும் ஒரு பில் உண்டு. படுக்கை, மருந்து, தியேட்டர், டாக்டரின் உழைப்பு எல்லாம் ஒரே தொகைக்குள் அடக்கம். அரசு ஆஸ்பத்திரிக்கும் அந்தத் தொகை வருகிறது. எத்தனை அறுவை நடந்தது, எவ்வளவு பணம் வந்தது, எத்தனை கைகள் உழைத்தன என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. தையல் போடக் கற்கும் இளம் டாக்டர் இந்தத் தாளைப் படிக்கவும் கற்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் "ஆள் போதவில்லை" என்று முறையிட்டால் அரசு தலையாட்டிவிட்டுப் போய்விடும். கணக்கை எடுத்து வைத்தால் பதில் சொல்லியே தீர வேண்டும்!

கணக்கு மட்டும் போதுமா? போதாது. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில்லில் ஹார்வி முதலாளிகளை எதிர்த்துத் தொழிலாளர் கூடி நின்றார்கள். வ.உ.சி. துணை நின்றார். கூலி உயர்வு கிடைத்தது. ஹார்வி மில்லை நன்கறிந்தது நம் மதுரை. தறிக்காரனுக்குப் பொருந்தும் கூட்டு பேர உரிமை டாக்டருக்கும் பொருந்தும். 2023-இல் இங்கிலாந்தின் மூத்த டாக்டர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஒன்றை மட்டும் டாக்டர்களுக்கும் சொல்லிவைப்போம். தேவையில்லாத அறுவை செய்து பில்லை ஏற்றுவதற்குச் சங்கம் கவசமாகக் கூடாது. நோயாளியின் மடியில் கை வைக்காத போராட்டத்துக்கே பாட்டாளியின் தோள் கிடைக்கும்.

டாக்டர்கள் கணக்கோடும் ஒற்றுமையோடும் வரட்டும். ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்குப் பக்கத்தில் நாம் நிற்போம்!