எண்களின் கதை – 7: இனி யாரும் அணியாத சட்டை

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி தன் வீரருக்குச் செய்யும் ஆகப்பெரிய மரியாதை, அவர் அணிந்த எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது. அதன் பிறகு அந்த அணியில் வேறு யாருக்கும் அந்த எண் கிடையாது.

இந்த எண்கள் பிறந்தபோது அவற்றுக்கு ஒரு பெருமையும் இருக்கவில்லை. கேலரியின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஆள் அடையாளம் தெரியட்டும் என்று, 1929இல் நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர்களின் முதுகில் நிரந்தர எண்களைத் தைத்தது. பேட்டிங் வரிசைதான் கணக்கு. மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3, அவருக்கு அடுத்து வந்த லூ கெரிக்குக்கு 4.

அந்த 4தான் முதலில் ஓய்வு பெற்றது. தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள் ஆடிய கெரிக், 1939இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தது. ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் அவருக்குப் பிரிவு விழா எடுத்து, எண்ணுக்கும் விடை கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், 37 வயதில் அவர் இறந்தார்.

ரூத்தின் 3 அவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெறவில்லை. 1934 சீசனோடு அவர் யாங்கீஸை விட்டுப் போன பிறகு மற்றவர்கள் அதை அணிந்தார்கள். 1948இல், அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதற்கு ஓய்வு கிடைத்தது. அப்போது அதை அணிந்திருந்தவர் கிளிஃப் மேப்ஸ். பாவம், பின்னாளில் அவருக்குக் கிடைத்த 7ஆம் எண்ணும் மிக்கி மேண்டிலிடம் போய், அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது.

அணியை வழிநடத்தும் மேனேஜர்களுக்கும் இந்த மரியாதை உண்டு. பேஸ்பாலில் மேனேஜரும் வீரர்களைப் போலவே எண் பொறித்த சீருடையில்தான் இருப்பார். கடைசிவரை கோட்டும் டையுமாகவே வந்த கானி மேக், ஐம்பது ஆண்டுகள் அத்லெடிக்ஸ் அணியை நடத்தியும், ஓய்வு கொடுக்க அவருக்கு ஓர் எண் இல்லாமல் போயிற்று. கேசி ஸ்டெங்கல் கதை வேறு. யாங்கீஸுக்கு ஏழு வேர்ல்டு சீரிஸ் கோப்பைகளை வென்று தந்தவர். பிறகு புதிய அணியான மெட்ஸுக்குப் போய் ஆண்டுதோறும் கடைசி இடத்தையே பார்த்தவர். ஆனாலும் அவருடைய 37க்கு முதலில், 1965இல், ஓய்வு கொடுத்தது மெட்ஸ்தான். ஏழு கோப்பை கண்ட யாங்கீஸ் 1970இல்தான் கொடுத்தது.

யாங்கீஸ் பின்னாளில் தாராளமாகிவிட்டது. சற்று அதிகமாகவே என்றுகூடச் சொல்லலாம். 2017இல் டெரெக் ஜீட்டரின் 2 போனதோடு, 1 முதல் 9 வரை அங்கே ஓர் எண்கூட மிச்சமில்லை.

இவை எல்லாவற்றிலும் தனித்து நிற்பது 42. கறுப்பின வீரர்களுக்கு அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் பல பத்தாண்டுகள் கதவை மூடி வைத்திருந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் சார்பில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஜாக்கி ராபின்சன் அணிந்த எண் அது. டாட்ஜர்ஸ் 1972இல் அதற்கு ஓய்வு கொடுத்தது. அதே ஆண்டு அவர் இறந்தார். அவர் களம் கண்ட ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1997இல், மேஜர் லீக்கின் எல்லா அணிகளிலும் 42க்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. அன்று அந்த எண்ணில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்று விட்டார்கள். அவர்களில் கடைசியாக மிஞ்சிய யாங்கீஸ் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேரா 2013இல் விடைபெற்றார்.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் 42 திரும்பி வருகிறது. ஏப்ரல் 15 அன்று எல்லா அணிகளிலும் எல்லா வீரர்களும் அதையே அணிகிறார்கள். அன்றைக்கு முதுகைப் பார்த்து யார் யார் என்று சொல்ல முடியாது.